பழம்னு சொல்லிடுங்க

மலை விடுதி
மார்ச் 2

அன்புள்ள நாக்குக்கு,

கண்ணு எழுதறேன். பத்திரமா வந்து சேர்ந்துட்டேன். கிளம்பறப்ப நீ வாசல்வரைக்கும்கூட வரல. அடுப்பைப் பாத்துக்கிட்டு எனக்கு முதுகைக் காட்டி நின்னே. ரயில்ல வழி பூரா அந்த முதுகுதான் ஞாபகம்.

இங்க விடுதிச் சமையல்காரர் என்னைப் பாத்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்ன சார், கண்ணு மட்டும் வந்திருக்கு, நாக்கு எங்கே?" பத்திரிகையில நம்ம "கண்ணும் நாக்கும்" தொடரை ஒண்ணு விடாம படிக்கிறாராம். நான் எடுத்த படத்தை விட நீ சாப்பிட்டுட்டு எழுதறதுதான் அவருக்குப் பிடிக்குமாம். மூஞ்சிக்கு நேரா சொல்றார் மனுஷன். போன வருஷம் நீ அவரோட சூப்பைப் பத்தி எழுதின பக்கத்தை வெட்டிச் சமையல்கட்டுச் சுவத்துல ஒட்டி வச்சிருக்கார்.

மேல ஏரியில இன்னும் பனி உடையல. உடைஞ்சதும் நாரைக்கூட்டம் வந்து இறங்கும். அந்த ஒரு படம் கிடைச்சா நம்ம புத்தகத்துக்கு அட்டை கிடைச்ச மாதிரி. இருபத்தஞ்சு வருஷமா ஊர் ஊரா அலைஞ்சு சாப்பிட்டதும் எடுத்ததும் ஒரு புத்தகமா வரப்போகுது. அதுக்கு அட்டையில கண்ட படத்தைப் போட எனக்கு மனசு வரல. இது உனக்குப் புரியாதா?

டாக்டர் என்ன சொன்னார்? ரிப்போர்ட் வரட்டும், அதுவரைக்கும் மலை ஏறாதீங்கன்னார். அதுக்குள்ள பனி உடைஞ்சுட்டா? நாரை எனக்காக வெயிட்டிங் லிஸ்ட்லயா நிக்கும்?

அம்பது வயசு தாண்டின பொம்பளை சுண்டு விரலை நீட்டி, "போனீங்கன்னா காய்"னு சொன்னதை நினைச்சா சிரிப்புதான் வருது. ரெண்டு விரலை நீட்டிப் பழம் விட்டுடு. கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

உன் பழைய காமிராக்காரன்,
கண்ணு

வீடு
மார்ச் 6

மதிப்பிற்குரிய புகைப்படக்காரருக்கு,

இது உங்க பெண்டாட்டி எழுதற கடிதம் இல்ல. அவ உங்களோட காய். புத்தகத்துக்குச் சாப்பாட்டுப் பகுதி எழுதறவ எழுதறேன். தொழில் விஷயம் மட்டும்.

பதிப்பக ஆசிரியர் ஆத்தங்கரைப் படத்துக்கு விளக்கம் கேக்கறார். வெள்ளத்துல படகு ஒருபக்கம் சாய, நீங்க காமிரா முக்காலியைக் கை விட்டீங்க, நான் சாப்பாட்டுத் தூக்கைக் கை விடல. "உனக்கு சோறு பெரிசா, என் முக்காலி பெரிசா?"ன்னு நடு ஆத்துல நின்னு கத்தினீங்களே, அதை அப்படியே எழுதிக் குடுத்துட்டேன். கரை ஏறினதும் அதே சோத்தை யார் முதல்ல வழிச்சு வழிச்சுத் தின்னதுன்னும் எழுதியிருக்கேன்.

அடுத்தது, காட்டுப்பன்னி கேக்கைத் தூக்கிட்டுப் போன படம். அதுல என் முகம் அழற மாதிரி இருக்கு, மாத்தலாமான்னு கேட்டார். மாத்த வேண்டாம், நிஜமாவே அழுதேன்னு சொல்லிட்டேன். காலையிலேர்ந்து பட்டினி கிடந்து கல் அடுப்புல சுட்ட கேக். நீங்க "இரு, இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு"ன்னு வெளிச்சம் பாத்துக்கிட்டிருந்ததுல பன்னிதான் சூடா சாப்பிட்டுச்சு. கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் எதைச் சூடா சாப்பிட்டிருக்கேன்? ஊரெல்லாம் சுத்தி ருசி எழுதறவ, எழுதினது அத்தனையும் ஆறின சாப்பாட்டோட ருசி. வாசகருங்களுக்குத் தெரிஞ்சா அடிக்க வருவாங்க.

தொழில் விஷயம் முடிஞ்சுது.

உங்க தங்கச்சி நேத்து வந்தா. அண்ணன் எங்கேன்னா. மலைக்குன்னேன். "படியேறினாலே மூச்சு வாங்குதுன்னு போன மாசம் சொன்னானே அண்ணி"ன்னா. என்கிட்ட சொல்லாததை அவகிட்ட சொல்லியிருக்கீங்க. சந்தோஷம். ரொம்ப சந்தோஷம்.

நீல ஸ்வெட்டரை வச்சுட்டுப் போயிருக்கீங்க. விடுதிக்குச் சாமான் ஏத்திக்கிட்டுப் போற ஜீப் டிரைவர்கிட்ட குடுத்தனுப்பியிருக்கேன். அதுவும் தொழில் விஷயம்தான்.

இப்படிக்கு,
சாப்பாட்டுப் பகுதி எழுதுபவர்

மலை விடுதி
மார்ச் 11

அன்பான நாக்குக்கு,

ஸ்வெட்டர் வந்துச்சு. பையில மாத்திரையையும் திணிச்சு வச்சிருக்கே. தொழில் விஷயமாம்! சமையல்காரர்கிட்ட கடிதத்தைப் படிச்சுக் காட்டினேன். பன்னி இடத்துல அவருக்குச் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எனக்குத் தங்கச்சி இடத்துல வந்துச்சு.

சரி, ஒத்துக்கறேன். மூச்சு வாங்குது. இங்க கிணத்தடியிலேர்ந்து அறைக்கு வர்றதுக்குள்ள ஒரு தடவை உக்காந்துக்கறேன். உன்கிட்ட ஏன் சொல்லல? சொன்னா நீ காமிராவை எடுத்துப் பரண்ல போட்டுப் பூட்டிடுவே. அது இல்லேன்னா நான் யாரு? கண்ணு இல்லாத கண்ணு.

பனி வெடிக்கிற சத்தம் கேக்க ஆரம்பிச்சிடுச்சு. இந்த வாரக் கடைசியில வழிகாட்டியோட ஏரிகிட்ட இருக்கிற மேல குடிசைக்கு ஏறிடுவேன். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. நீ பழம் விட்டேன்னா அடுத்த ஜீப்புல இறங்கி வந்துடறேன். நாரையும் வேண்டாம், அட்டையும் வேண்டாம். சத்தியம். இங்க ஆபீஸ்ல ஒரு போன் இருக்கு. கரகரன்னு கேக்கும், ஒரு வார்த்தைக்கு மேல தாங்காது. எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

நீ காய்ல இருக்கேன்னு தெரிஞ்சுக்கிட்டு வெறுங்கையோட வீட்டுக்கு வர எனக்குத் தைரியம் இல்ல. படமாவது கையில இருக்கணும், இல்ல பழமாவது இருக்கணும்.

உன்,
கண்ணு

வீடு
மார்ச் 14

என் ராசாவுக்கு,

இப்பதான் போன் பேசி வச்சேன். அவசரத்துல எழுதறேன், எழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்கோங்க.

இன்னிக்குக் காலையில ரிப்போர்ட் வந்துச்சு. டாக்டர் என்னைத் தனியா உக்கார வச்சார். இதயத்துல ஒரு வால்வு பாதிக்கு மேல மூடிக்கிச்சாம். ஆபரேஷன் பண்ணியே ஆகணும், அதுவரைக்கும் மாடிப்படிகூட ஏறக்கூடாதுன்னார். "அவர் எங்கே?"ன்னு கேட்டார். மலையிலன்னேன். அந்த மனுஷன் முகம் போன போக்கைப் பாத்ததும் எனக்கு உசிரே இல்ல.

வீட்டுக்கு வந்தா வாசல்ல உங்க கடிதம் கிடக்குது. பழம் விட்டா இறங்கிடறேன்னு. கடவுளே! இதை விட வேற என்ன வேணும்? வீம்பாவது மண்ணாவது. ஓடிப்போய் போனை எடுத்தேன்.

சமையல்காரர்தான் எடுத்தார். ஒரே இரைச்சல். "அவர்கிட்ட பழம்னு சொல்லிடுங்க"ன்னு கத்தினேன். "என்னம்மா, பழமா?"ன்னார். "ஆமா, பழம், பழம்! நான் சொன்னேன்னு சொல்லுங்க! இப்பவே!"ன்னேன். "சரிம்மா, குடுத்துடறேன்"னார். டாக்டர் சொன்னதைச் சொல்ல வாயைத் தொறந்தேன், லைன் அறுந்து போச்சு. திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தேன், கிடைக்கவே இல்ல. போகட்டும், சேதியைக் குடுத்துடறேன்னாரே, அது போதும்.

இந்தக் கடிதம் மேல ஏறும்போது நீங்க கீழ இறங்கிக்கிட்டிருப்பீங்க. வழியில ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தாண்டிப் போகட்டும். சும்மா இருக்க முடியாம எழுதறேன்.

வாங்க. சண்டை போட மாட்டேன். ரெண்டு விரலையும் நீட்டிக்கிட்டு வாசல்ல நிப்பேன்.

உங்க,
நாக்கு

மலை விடுதி
மார்ச் 15

அன்புள்ள நாக்குக்கு,

நேத்து சாயங்காலம் சமையல்காரர் ஒரு பை நிறைய ஆப்பிளும் வாழைப்பழமும் கொண்டுவந்து கட்டில்ல வச்சார். "அம்மா போன் பண்ணாங்க சார். உங்களுக்குக் கட்டாயம் குடுக்கச் சொல்லிட்டாங்க"ன்னார். வேற ஏதாவது சொன்னாங்களான்னு கேட்டேன். வேற ஒண்ணும் இல்லையாம்.

நான் கெஞ்சி எழுதின கடிதம் உனக்குக் கிடைச்சிருக்கும். ஒரு வார்த்தைதானே கேட்டேன். அத்தனை கஷ்டப்பட்டு லைன் போட்டு, சமையல்காரர்கிட்ட சத்துக் குறையாம பாத்துக்கச் சொல்லத் தோணுது, என்கிட்ட அந்த ஒரு வார்த்தை சொல்லத் தோணல. உன் பிடிவாதம் எனக்குத் தெரியாததா? உடம்பைப் பாத்துக்குவே, மூஞ்சியைத்தான் பாக்க மாட்டே.

சரி. நாளைக்கு ஏறறேன். படத்தோட வர்றேன். அதைப் பாத்தாவது மனசு இறங்குதான்னு பாப்போம்.

பழத்துக்கு நன்றி.

கண்ணு

வீடு
மார்ச் 19

பாவி மனுஷா,

உன் பதினஞ்சாம் தேதிக் கடிதம் இப்ப வந்துச்சு. நீன்னு எழுதறேன். அப்படியே இருக்கட்டும். நீங்கன்னு எழுத இப்ப எனக்குத் தெம்பு இல்ல.

ஆப்பிளா? வாழைப்பழமா? அடக் கடவுளே, நான் பழக்கடையா வச்சிருக்கேன்? பழம்யா! பழம்! நம்ம பழம்! "குடுத்துடறேன்"னு அவர் சொன்னப்பவே எனக்கு உறைச்சிருக்க வேண்டாமா? அவருக்குத்தான் தெரியாது, உனக்கு எங்கய்யா போச்சு புத்தி? மூணு நாளைக்கு ஒருதரம் காய் விட்டுப் பழம் விட்ட வீட்டுல வாழைப்பழத்தை உரிச்சுத் தின்னுட்டு நன்றின்னு எழுதியிருக்கே.

மூணு நாளா மேல இருக்கே நீ. போன் செத்துக் கிடக்குது. பனியில கம்பி அறுந்துடுச்சாம். ஜீப் டிரைவர் கையில காலுல விழாத குறையா கேட்டுக்கிட்டேன். இந்தக் கடிதத்தை எடுத்துக்கிட்டு விடுதிக்கு விடியறதுக்குள்ள போறேன்னிருக்கார், அங்கேர்ந்து யாரையாவது குடிசைக்கு அனுப்பறேன்னிருக்கார். நானும் அதே வண்டியில வர்றேன்னேன். வழி பூரா பனி, உங்களை ஏத்த மாட்டேன்னுட்டார். வண்டி முன்னால போய் நின்னேன். உன் தங்கச்சிதான் இழுத்துக்கிட்டு வந்தா. காலையில முதல் பஸ்ல மலையடிவரைக்காவது வந்துடறேன்.

உன் வால்வு மூடிக்கிட்டிருக்கு. இறங்கு. மெதுவா இறங்கு. காமிராவை அங்கயே போட்டுட்டு வா. அட்டையில படமே வேண்டாம், வெறும் வெள்ளைத் தாளா இருக்கட்டும், நான் சண்டை போட்டு ஆசிரியரைச் சம்மதிக்க வைக்கிறேன்.

என்னைத் தனியா சூடா சாப்பிட விட்டுட்டுப் போயிடாதேய்யா. எனக்கு அது வேண்டாம்.

பழம். பழம். பழம்.

நாக்கு

மேல் குடிசை
மார்ச் 18

அன்புள்ள நாக்குக்கு,

பென்சில்ல எழுதறேன், பேனா உறைஞ்சு போச்சு. ஏரி இந்த முகட்டுக்கு அந்தப் பக்கம்தான். நேத்தெல்லாம் நெஞ்சு மேல யாரோ அம்மிக்கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருந்துச்சு, உக்காந்தே கிடந்தேன். இன்னிக்குப் பரவாயில்ல. வெளிய நாரைச் சத்தம் கேக்குது. நூத்துக்கணக்குல வந்து இறங்கியிருக்கு போல. இன்னும் ஒரு ஏத்தம். ஏறிட்டேன்னா முடிஞ்சுது.

உன்மேல கோவம்தான். ஆனா இப்ப நீ இங்க இருந்திருந்தா அந்தக் குட்டி அடுப்பைப் பத்த வச்சு, பனியை உருக்கி, எதையோ கலக்கி, குடிங்கன்னு நீட்டியிருப்பே. நானும் வழக்கம்போல இரு வெளிச்சம் நல்லா இருக்குன்னு

இரு.

இரு, இரு. எழுதிக்கிட்டிருக்கும்போதே வழிகாட்டி பையைத் துழாவி, கறுத்துப் போன கடைசி வாழைப்பழத்தை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினான். "சார், பழம்?"

அடியேய்!

பழமாடீ அது? போன்ல நீ சொன்னது பழமா? நான் ஒரு மடையன்! ரெண்டு ஆப்பிளை உப்பு போட்டு வேற தின்னேனே! சிரிச்சுட்டேன். வழிகாட்டி பயந்துட்டான், உயரத்துல எனக்கு மூளை கலங்கிடுச்சுன்னு நினைச்சிருப்பான். சிரிச்சதுல நெஞ்சு பிடிச்சுக்கிச்சு.

இறங்கறேன். சத்தியம் பண்ணியிருக்கேன்ல. முகட்டுக்கு அந்தப் பக்கம் இன்னும் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. இருக்கட்டும்.

காமிராப் பையையும் இந்தக் கடிதத்தையும் வழிகாட்டிகிட்ட குடுக்கறேன். நான் வழியில உக்காந்து உக்காந்துதான் வர முடியும். எதாவது ஆச்சுன்னா இதையாவது உன்கிட்ட சேத்துடச் சொல்லியிருக்கேன். நான் திரும்பினது உனக்குத் தெரியணும்.

பழம்டீ.

கண்ணு

மலையடி ஆஸ்பத்திரி, வராந்தா
மார்ச் 21

என் கண்ணுக்கு,

கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் உக்காந்திருக்கேன். உள்ள விட மாட்டேங்கறாங்க. நாளைக்கு ஆபரேஷன், அதுவரைக்கும் நீங்க பேசக் கூடாது, படபடப்பு ஆகக் கூடாதாம். நான் உள்ள வந்தா படபடப்பு ஆயிடுமாம். யாரு சொன்னா இவங்களுக்கு? அதான் சீட்டுல எழுதி நர்ஸம்மாகிட்ட குடுக்கறேன்.

காமிராப் பையும் கடிதமும் கைக்கு வந்துச்சு. வழிகாட்டிதான் உங்களைக் கடைசி இறக்கம் பூரா முதுகுல சுமந்துக்கிட்டு வந்தாராம். அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். "நாரை அடுத்த வருஷமும் வரும்மா"ன்னார். டாக்டர்கிட்ட பிழைச்சுடுவாரான்னு கேட்டேன். நாளைக்குச் சாயங்காலம் கேளுங்கன்னார். நாளைக்குச் சாயங்காலம்வரைக்கும் நான் எப்படி இருக்கப் போறேன்னு தெரியல. பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு.

நர்ஸம்மா இப்ப வெளிய வந்து, "உங்க வீட்டுக்காரர் ராத்திரியிலேர்ந்து ரெண்டு விரலைக் காட்டிக்கிட்டே இருக்கார், என்ன கேக்கறார்னே புரியல. ரெண்டு தலையணை வச்சோம், ரெண்டு போர்வை போத்தினோம், அப்பவும் நிறுத்தல"ன்னாங்க.

நான் வராந்தாவுல உக்காந்து ஓன்னு அழுதுட்டேன். அது தலையணை இல்லம்மா, எனக்குன்னு சொன்னேன்.

பாத்துட்டேன்யா. எனக்குக் கிடைச்சிடுச்சு. விரலை மடக்கிட்டுத் தூங்குங்க.

எதுத்த கடையிலேர்ந்து உங்க தங்கச்சி சூப் வாங்கிக்கிட்டு வந்து பக்கத்துல வச்சிருக்கா. ஆவி பறக்குது. நான் இன்னும் தொடல. யாராவது "இரு, இன்னும் ஒண்ணு"ன்னு சொன்னாத்தானே எனக்குச் சாப்பிட வரும்.

உங்க,
நாக்கு

(அதே சீட்டின் பின்பக்கம், பென்சிலில்)

நாக்கு,

படம் எடுத்தாச்சு. ஆறிடும். குடி.