பத்து விநாடிக்கு ஒரு குதி

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. நான் விழவில்லை, குதித்தேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் உன் அண்ணன், அண்ணி, சித்தி மூன்று பேரும் உனக்குப் போன் செய்து மூன்று விதமாக என்னைக் கீழே தள்ளியிருப்பார்கள். அண்ணன் சொல்வதில் நான் கூடத்தில் விழுந்தேன், அண்ணி சொல்வதில் குளியலறையில், சித்தி சொல்வதில் மாடிப்படியில், நம் வீட்டில் மாடியே கிடையாது. மற்றபடி நான் நலம், என் ரத்த அழுத்தம் உன் அண்ணனுடையதைவிட ஒழுங்காக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள், வேளைக்குச் சாப்பிடுவீர்கள் என்று நம்புகிறேன், இரண்டாவதைப் பெரிதாக நம்பவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். போன வருஷம் நீ வந்தபோது சாமான் அறைத் தரையில் நிலநடுக்கத்தை அளக்கிற உன் ஆபீஸ் அதிர்வுமானியைப் பொருத்திவிட்டுப் போனாயே, அதைச் சரிபார்க்க மாதம் ஒரு முறை வருகிற கருவிக்காரர் புதன்கிழமை வந்து ஒயரை மாற்றினார். மாற்றிவிட்டுப் பக்கத்தில் நின்று தரையில் ஒரு மிதி மிதித்தார், போனில் பார்த்தார், "கோடு வந்துடுச்சும்மா, அவ்வளவுதான்" என்று பையை மாட்டிக்கொண்டார். ஒரே ஒரு மிதியை வைத்து என்ன தெரியும் என்று கேட்டேன், சிரித்தார். கான்வென்டில் எங்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த சிஸ்டர், ஒரு தையல் நேராக விழுந்தால் அதிர்ஷ்டம், மூன்று விழுந்தால்தான் வேலை என்று ஸ்கேலை வைத்து அளப்பார். அந்த ஸ்கேல் இன்னும் என் விரல் முட்டியில் இருக்கிறது. அதனால் வியாழக்கிழமை காலை செருப்பைக் கழற்றிவிட்டு, உன் அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, சரியாகப் பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு குதி, பத்து விநாடி விட்டு இன்னொன்று, மறுபடி பத்து விநாடி விட்டு இன்னொன்று குதித்தேன். மூன்றின் நேரத்தையும் நோட்டில் குறித்தேன்.

தப்பு என் பக்கம் ஒன்று உண்டு, அதை மறைக்கவில்லை. கருவி மூடியில் ஒட்டியிருக்கிற காகிதத்தில், சோதனைக்கு முன் அலுவலகத்துக்குத் தெரிவிக்கவும் என்று போட்டிருக்கிறது. அது வேலைக்காரர்களுக்கு, வீட்டுக்காரிக்கு இல்லை என்று நினைத்துவிட்டேன். அலுவலகத்தில் டீ குடித்துக்கொண்டு திரையைப் பார்த்த கருவிக்காரர், என் மேல் பீரோ சாய்ந்துவிட்டது என்று முடிவுகட்டி எனக்குப் போன் செய்திருக்கிறார். போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. உடனே படிவத்திலிருந்த இரண்டாவது நம்பருக்கு, அதாவது உன் அண்ணனுக்கு. அரை மணியில் அவன் இரண்டு காலிலும் வேறு வேறு செருப்போடு வந்து நின்றான். "எங்கேம்மா விழுந்தே, காட்டு" என்றான். விழலடா, குதிச்சேன் என்றேன். அதற்கு, விழுந்தேன் என்றே சொல்லியிருக்கலாம், அவ்வளவு பயந்துபோனான். "எழுபத்துநாலு வயசுல எதுக்கும்மா குதிக்கிறே?" விஞ்ஞானத்துக்கு என்றேன். ஓரமாகப் போய் பெண்டாட்டிக்குப் போன் போட்டான்.

இப்போது தீர்ப்பு என்னவென்றால், விழுந்துவிட்டு மறைக்கிறேன் என்றாலும் சரி, நிஜமாகவே குதித்தேன் என்றாலும் சரி, தனியாக விடமுடியாது. அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை வேன் வரும், வீட்டைப் பூட்டி, உன் கருவியைக் கழற்றிவிட்டு, அவர்கள் வீட்டில் உடற்பயிற்சி சைக்கிளில் துணி காயப்போடுகிற அறைக்கு என்னைக் கொண்டுபோவார்களாம். நாற்பத்தொரு வருஷம் இருந்த வீடு. என்னை யாரும் கேட்கவில்லை.

நீ சொல்லிக்கொடுத்தது எனக்கு நினைவிருக்கிறது. நிலம் அதிர்ந்தால் முதல் அலை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டு வேகமாக ஓடிவரும், பெரிதாக எதையும் உடைக்காது. இரண்டாவது நிதானமாக வந்து பக்கவாட்டில் ஆட்டும், அதுதான் சாமானை உடைப்பது. நம் வீட்டில் அண்ணன் முதல் அலை, பத்தே முக்காலுக்கு வந்தான். அண்ணி நாலு மணிக்கு வந்தாள், அவள் போகும்போது என் மருந்து டப்பாக்கள் எல்லாம் வேறு தட்டில் இருந்தன. "அத்தை, உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்" என்று ஆறு முறை சொன்னாள். அந்த இரண்டாவது அலை திரவத்துக்குள் நுழையாது, மறுபக்கத்தில் அது வந்து சேராததை வைத்துத்தான் பூமியின் உள்ளே உருகிக் கிடக்கிறது என்று கண்டுபிடித்தார்கள் என்றாயே. அண்ணி சொல்வதும் என் மறுபக்கத்துக்கு வந்து சேரவில்லை, என் உள்ளே என்ன இருக்கிறது என்று நீயே கண்டுபிடித்துக்கொள். உன் அப்பாவும் முப்பது வருஷம் தண்ணீர்த் தொட்டிகளைத் தட்டிப் பார்த்தே எவ்வளவு இருக்கிறது, எங்கே விரிசல் என்று சொன்னவர்தானே. ஒரு தடவை உன் அண்ணன் தலையில் தட்டிவிட்டுக் காலி என்றார், பாவம், பரீட்சை நேரம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் என் பேச்சை நம்பமாட்டான், உன் படிப்பை நம்புவான். வியாழக்கிழமைக் கோட்டை எடுத்துப் பார். கடிகாரம் வைத்துப் பத்து விநாடிக்கு ஒரு தரம் மூன்று முறை விழுகிறவள் யாராவது இருந்தால் அவள் விலாசத்தை அனுப்பு, நேரில் போய்ப் பார்க்கிறேன். இல்லை என்றால், இது விழுந்தது அல்ல என்று உன் கையெழுத்தோடு எழுது.

இதோடு கடிதத்தை முடித்து உறையையும் ஒட்டிவிட்டேன். பிறகு கத்தரித்துத்தான் இதைச் சேர்க்கிறேன். அந்த வியாழனுக்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை காலை ஆறு இருபதுக்கு இன்னொரு குறி இருக்கும். அது குதி அல்ல. சாமான் அறை வாசலில் முட்டி மடங்கித் தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கப் பதினோரு நிமிடம் ஆயிற்று, அந்தப் பதினோரு நிமிடமும் கோட்டில் என் காலடி இருக்காது. யாரிடமும் சொல்லவில்லை. அன்று மதியம் நீ வழக்கமில்லாமல் போன் செய்து, மழையா வெயிலா என்று கேட்டுவிட்டு, "முட்டி எப்படிம்மா இருக்கு, வேற ஒண்ணும் இல்லையே" என்று இரண்டு தரம் கேட்டாய். எனக்கென்ன குறை என்றேன். இப்போதுதான் உறைக்கிறது, உனக்கு அப்போதே தெரியும். கடல் தாண்டி உட்கார்ந்து பெற்றவளை ஒட்டுக்கேட்கிறாய். கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. நான் பொய் சொன்னேன், நீ தெரியாதது போல இருந்தாய், சிஸ்டர் இருந்தால் இரண்டு பேருக்கும் ஸ்கேல்.

எனக்குச் சாதகமான கோட்டை மட்டும் படி, மற்றதை மடித்து வை என்று உன்னிடம் கேட்கமாட்டேன். நாலையும் எழுது. தச்சரை வரவழைத்து அந்த வாசலில் கைப்பிடி வைத்தாயிற்று, போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன், நாய்க்கு மணி கட்டினது போல இருக்கிறது, அதையும் எழுது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நீ போ என்றால் போகிறேன், இரு என்றால் இருப்பேன், வேன் கதவில் வந்து என் கையைப் பிடித்து ஏற்ற ஒருவரும் வேண்டாம். உன் கடிதத்தை ஒரு வரி விடாமல் அண்ணனுக்கு நானே உரக்கப் படித்துக் காட்டுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், நின்றுகொண்டே சாப்பிடாதே. இரண்டு பேரும் நிறைந்த ஆயுளோடு, ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு, நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
மூன்று முறை குதித்து, ஒரு முறை விழுந்த
அம்மா

போனில் சொன்னால் ஆளுக்கு ஒரு மாதிரி மாற்றிவிடுவார்கள். வேன் வருகிற சனிக்கிழமைக்கு முன்னால் வந்து சேரும்படி எழுத்தில் பதில் போடு.