பச்சை மையில் ஒரு பெருக்கல் குறி

இன்று காலை கேன்வாஸ் சுருள் வந்து சேர்ந்தது. சேலத்து அச்சுக்கடைக்காரர் வழக்கம்போல பஸ்ஸில் போட்டு அனுப்பியிருந்தார். கடைக்குள் கொண்டுவந்து பிளாஸ்டிக் உறையைக் கிழித்ததுமே வார்னிஷ் வாசனை குப்பென்று ஏறியது. உனக்கு அந்த வாசனை பிடிக்கும். "ஜவுளிக்கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்குதுடா மாப்ள" என்று சுருளுக்குள் மூக்கை விட்டு இழுப்பாய். எனக்கு அது எப்போதும் தலைவலிதான். இன்றைக்கும் தலை வலிக்கிறது, ஆனால் வாசனையால் மட்டும் இல்லை.

நம் புகைப்படக் குழுவின் கண்காட்சிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. உன் படம் இந்தச் சுருளுக்குள் இருக்கிறதா இல்லையா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதுவரை பொறுத்திரு. நான் ஏழு வருஷம் ஒன்றும் தெரியாமல் இருந்தேன், நீ அரைமணி நேரம் இருந்தால் ஒன்றும் குறைந்துபோய்விட மாட்டாய்.

முதன்முதலில் கேன்வாஸில் அச்சடிக்கலாம் என்று சொன்னது நீதான். அதற்கு முன்னால் கண்ணாடி போட்டுத்தான் மாட்டிக்கொண்டிருந்தோம். மண்டபத்து டியூப்லைட் கண்ணாடியில் விழுந்து, படத்தைப் பார்க்க வந்தவர்கள் தங்கள் முகத்தைப் பார்த்துத் தலைசீவிவிட்டுப் போனார்கள். கேன்வாஸ் என்றால் கண்ணாடி வேண்டாம், துணியை மரச்சட்டத்தின் மேல் இழுத்துப் பின்பக்கம் மடித்து ஸ்டேப்ளர் ஊசி அடித்துவிட்டால் போதும் என்றாய். ராசிபுரத்தில் சாமி படங்களுக்குச் சட்டம் போட்டுப் பிழைக்கிறவன் நான். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

அந்த முதல் வருஷம் நாம் செய்த கூத்து நினைவிருக்கிறதா? மடிப்புக்குத் துணி வேண்டும் என்பது குழுவில் இருந்த பதினோரு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. படத்தைச் சரியளவுக்கு அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். நானும் யோசிக்காமல் இழுத்து மடித்தேன். படத்தின் நாலு ஓரமும் சட்டத்தின் பக்கவாட்டில் போய் ஒளிந்துகொண்டது. கோழிப்பண்ணைக்காரர் தன் அண்ணனை ஓரத்தில் நிற்கவைத்து எடுத்திருந்தார். அண்ணன் உடம்பு முன்னால் இருந்தது, தலை பக்கவாட்டுக்குப் போய்விட்டது. "எங்கண்ணன் தலையப் பாக்கோணும்னா செவுத்தோரமா வந்து எட்டிப் பாக்கோணுமுங்க" என்று வந்தவர்களையெல்லாம் அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். நீ சிரித்துச் சிரித்து அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாய். அதற்கப்புறம் நாலு பக்கமும் மடிப்புக்கென்று தனியாகத் துணி விட்டு அச்சடிக்க ஆரம்பித்தோம்.

எந்தப் படம் சுவருக்குப் போகும் என்பதில்தான் ஆரம்பத்தில் சண்டை வந்தது. அதற்கும் நீயே ஒரு வழி செய்தாய். எல்லோரும் படத்தைத் தபால்கார்டு அளவில் கொடுக்க வேண்டும். பின்பக்கம் எண் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. குழுவிலிருந்து டீச்சர், நர்ஸம்மா, நீ என்று மூன்று பேர் உட்கார்ந்து ஒவ்வொரு கார்டின் பின்னாலும் டிக்கோ பெருக்கல் குறியோ போடுவீர்கள். மூன்று டிக் விழுந்தால்தான் படம் சுவருக்குப் போகும், ஒரு பெருக்கல் விழுந்தாலும் கிடையாது. யார் என்ன போட்டார்கள் என்று வெளியே சொல்லக் கூடாது. முடிந்ததும் கார்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கிழித்துப்போடுவது உன் பொறுப்பு. இப்படி ஒரு நேர்மையான ஏற்பாட்டை நீ செய்தாய் என்று அப்போது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

ஏழு வருஷத்துக்கு முன்னால் பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒருவருடைய விவசாயக் காட்டில் போர்வெல் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு உன் ஸ்கூட்டரில் போனோம். ரிக் வண்டி இரைச்சலில் பேசுவது காதில் விழவில்லை. எவ்வளவு ஆழம் போயும் தண்ணீர் இல்லை, வெறும் புகைதான் வந்தது. வெள்ளை மண் மாவாகப் பறந்து தென்னை, மாடு, ஆள் என்று எல்லாவற்றையும் மூடியது. நீ ரிக் வண்டியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாய். நான் அந்தக் காட்டுக்காரரின் மனைவியைப் பார்த்தேன். வேலையாட்களுக்கு டீ கொண்டுவந்தவள், அந்தப் புகைக்கு நடுவே நின்றுவிட்டாள். அவள் முகம், புருவம், தலைமுடி எல்லாம் மாவு அப்பிக் கிடந்தது. டீ இருந்த தூக்குப்போசியின் வாயை மட்டும் முந்தானையால் இறுக்கிப் பொத்திப் பிடித்திருந்தாள். ஒரே ஒரு படம்தான் எடுத்தேன்.

கேமராவின் பின்பக்கத்தில் அதை உனக்குக் காட்டினேன். நீ ரொம்ப நேரம் பார்த்தாய். ஒன்றும் சொல்லாமல் ஸ்கூட்டரை எடுத்தாய். இரைச்சலில் காது அடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் உன் ரிக் வண்டிப் படம் தேறியது. என் படம் தேறவில்லை. முடிவு வந்த மறுநாள் நீயே கடைக்கு வந்து, டீ வாங்கிக் கொடுத்து, தோளில் கை போட்டுச் சொன்னாய்: "மாப்ள, மூணு பேருக்குமே அது புடிக்கல. மனசுல வெச்சுக்காத. உனக்கு வித்தை கையில இருக்குது, கண்ணுல இல்ல. நீ மடிக்கற மூலை மாதிரி இந்தச் சேலத்துல எவன் மடிக்கறான், சொல்லு?"

நீ அதைச் சொன்ன விதத்தில் நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். என் அப்பா செத்தபோது பாடைக்குத் தோள் கொடுத்தவன் நீ. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். உன் வாயிலிருந்து வருவது என் நல்லதுக்குத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அந்த மாதமே ஆத்தூரில் ஒரு கல்யாண வீடியோக்காரரிடம் கேமராவைக் கொடுத்துவிட்டேன். உன் ரிக் வண்டிப் படத்தையும் நான்தான் சட்டத்தில் இழுத்தேன். அதன் இடது ஓரத்தில் அந்தப் பெண்ணின் முழங்கை மட்டும் தெரிந்தது. இது வேண்டுமா என்று கேட்டேன். அதையும் சேர்த்து உள்ளே மடித்துவிடச் சொன்னாய். மடித்தேன்.

அன்றிலிருந்து நான் படக்காரன் இல்லை, சட்டக்காரன். ஒவ்வொரு வருஷமும் உங்கள் எல்லோருடைய படத்துக்கும் மூலை மடித்தேன். கண்காட்சித் தொடக்க விழாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். மனக்குறை இருந்ததா என்றால் இருந்தது. மூன்று பேருக்கும் பிடிக்காத படத்தை எடுத்தவன் வேறென்ன எதிர்பார்க்க முடியும் என்று அதை அமுக்கி வைத்தேன்.

நீ போனபோது சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இரங்கல் கூட்டம் வைத்தோம். டீச்சர் பேசினார். ஒரு வருஷம் உன் இரண்டு படங்கள் தேர்வுக்கு வந்ததாகவும், அதில் நல்ல படத்துக்கு நீயே பெருக்கல் போட்டுத் தள்ளியதாகவும், மற்றவர்களுக்கு இடம் விட்ட அந்த மனசு யாருக்கு வரும் என்றும் சொன்னார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். எப்பேர்ப்பட்ட ஆளுக்கு நண்பனாக இருந்திருக்கிறோம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். இப்போது நினைத்தால் எழுந்து போய் எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

போன மாதம் உன் மனைவியைப் பார்த்துவர உன் வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கச்சி உன் டூல் பாக்ஸைக் கொண்டுவந்து வைத்தது. "இத வெச்சுட்டு நான் என்னங்ணா பண்றது, நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க" என்றது. துணியை இழுத்துப் பிடிக்கிற உன் வாயகன்ற பிளேயர் அதில் இருந்தது. எனக்கு ரொம்ப நாளாக அதன் மேல் கண். கடைக்கு வந்து மேல்தட்டை எடுத்தேன். அடியில் உன் பச்சைப் பேனாவும், பாலித்தீன் கவருக்குள் ஒரே ஒரு தபால்கார்டு அளவுப் படமும் இருந்தன. தூக்குப்போசியைப் பொத்திக்கொண்டு அவள் நின்றாள்.

திருப்பினேன். என் எண், ஒன்பது. அதற்குக் கீழே பென்சிலில் ஒரு டிக், டீச்சர் பென்சிலைத் தவிர வேறு எதையும் தொட மாட்டார். நீல மையில் ஒரு டிக், அது நர்ஸம்மா. கடைசியாகப் பச்சை மையில் ஒரு பெருக்கல். குழுவில் பச்சை மையில் எழுதுகிறவன் நீ ஒருத்தன்தான். மேட்டூரில் அதிகாரியாக இருந்த பழக்கம், பால்காரர் நோட்டில்கூடப் பச்சையில்தான் கையெழுத்துப் போடுவாய்.

மூணு பேருக்குமே பிடிக்கவில்லை என்றாயே. நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்கள், நீ அறுத்துவிட்டு மருந்தும் போட்டுவிட்டாய். டீ வேறு வாங்கிக் கொடுத்தாய். அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்துகொண்டேன். கத்தலாம் என்றால் நீ இல்லை.

ஒருவேளை டீச்சரும் நர்ஸம்மாவும் பிறகு மனசு மாறியிருக்கலாம் என்று ஒரு நப்பாசை. உனக்காகத்தான் அந்த நப்பாசையும். டீச்சர் வீட்டுக்குக் கார்டை எடுத்துப்போய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்ததுமே முகம் மலர்ந்தது.

"அட, நான் கூட்டத்துல சொன்னது இந்தப் படந்தாங்க. எம்புட்டு நல்ல படம். தான் எடுத்ததயே வேண்டாமுன்னுட்டாரு பாருங்க."

"இது நான் எடுத்ததுங்க டீச்சர்."

அவர் கார்டைத் திருப்பினார், மறுபடி முன்பக்கம் பார்த்தார். இரண்டு கார்டிலும் ஒரே ரிக் வண்டி, ஒரே காடு, அதனால் இரண்டும் உன்னுடையது என்று நினைத்துவிட்டாராம். நீ மறுத்துச் சொன்னாயா என்று கேட்டேன். அவரும் நர்ஸம்மாவும் அப்படிப் பேசிக்கொண்டபோது நீ சும்மா சிரித்துக்கொண்டிருந்தாய் என்றார். எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நான் கிளம்பும்போது, இந்த வருஷம் அந்தப் படத்தை மாட்டிவிடலாம், நர்ஸம்மாவிடம் அவரே பேசுவதாகச் சொன்னார். நான் வேண்டாமென்றேன். "ஒரு பெருக்கல் இருந்தா ஆகாதுங்க டீச்சர். போட்டவரு வந்து அழிச்சாத்தான் உண்டு." வீம்புக்குத்தான் சொன்னேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

இனிமேல்தான் உனக்கான விஷயம். உன் இடம் காலியாக இருந்ததல்லவா, படம் கொடுக்காத ஆள், பாரபட்சம் இருக்காது என்று அந்த நாற்காலியில் என்னை உட்காரவைத்துவிட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை டீச்சரும் நர்ஸம்மாவும் நானும் உட்கார்ந்தோம். தங்கச்சி உன் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு படத்தைக் கொடுத்தனுப்பியிருந்தது. எண் பதினாலு. மேட்டூர் அணையில் பரிசலைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு ஒருவர் கரையேறுகிறார், முகமே தெரியவில்லை, இரண்டு கால்கள் மட்டும். பெயர் போடாவிட்டால் உன் படம் எனக்குத் தெரியாதா? கார்டு என் கைக்கு வந்தபோது பென்சில் டிக்கும் நீல டிக்கும் விழுந்திருந்தன. என்னிடம் இருந்தது உன் பச்சைப் பேனா.

டீச்சர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கோடு, அதன் மேல் குறுக்கே இன்னொரு கோடு, அவ்வளவுதான் வேலை. யாருக்கும் தெரியப்போவதில்லை. நீயே செய்த ஏற்பாடு. தங்கச்சியிடம் போய், மூணு பேருக்குமே பிடிக்கவில்லையம்மா, மனசில் வைத்துக்கொள்ளாதே என்று சொல்லிவிட்டு வரலாம். அந்தச் சொற்களைக்கூட மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே வந்தன.

திரும்பவும் படத்தைப் பார்த்தேன். அந்தக் கால்கள். ஈரமும் சேறும் முழங்கால் வரைக்கும். ஒரு பாதம் இன்னும் தண்ணீருக்குள் இருக்கிறது, மற்றது பாறையைப் பிடித்திருக்கிறது. பாவி, எப்படித்தான் எடுத்தாயோ.

டிக் போட்டேன். உனக்காகப் போட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. தங்கச்சிக்காகவும் இல்லை. படம் நன்றாக இருந்தது, போட்டேன். பேனாவை எடுத்ததிலிருந்து மூடியது வரைக்கும் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

இன்றைக்குச் சுருளில் நாலாவதாக உன் படம் வந்தது. முதலில் அதைத்தான் சட்டத்தில் இழுத்தேன், உன் பிளேயராலேயே. மூலையில் சுருக்கம் விழட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன், கை கேட்கவில்லை. நாலு மூலையும் கத்தி மாதிரி நிற்கிறது. வந்து பார்த்தால் நீயே ஒத்துக்கொள்வாய்.

கேமரா திரும்பி வராது. அந்த ஏழு வருஷமும் வராது. ஏன் செய்தாய் என்று கேட்டு உன் சட்டையைப் பிடிக்கவும் வழி இல்லை. உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால் இல்லை. இதை எழுதி முடித்தபிறகும் இல்லை. அந்தக் கார்டு மட்டும் என் சட்டைப் பையில் இருக்கிறது. குளிக்கப் போகும்போது எடுத்து வைக்கிறேன், வந்ததும் மறுபடி வைத்துக்கொள்கிறேன். அந்த வருஷத்துக் கார்டுகளில் மற்ற எல்லாவற்றையும் நீ கிழித்துப்போட்டிருக்கிறாய், இதை மட்டும் பாலித்தீனில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறாய்.

என் படமும் நன்றாகத்தான் இருந்தது. அது உனக்குத் தெரியும்.