தேதி போடாத கடிதம்

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே புழுக்கம். 6.10 கம்பெனி பஸ். சிதம்பரத்தில் ஏறியதால் சீட். புதுச்சத்திரம் வருவதற்குள் ஒரு வாந்தி. நாலாவது மாதம். இனி துப்பட்டாவால் மறைக்க முடியாது.

லேபில் பக்கத்து மேஜை மேரியிடம் மட்டும் சொன்னேன். கடலூர் முதுநகர்ப் பெண், என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவள். "எச்.ஆர்.கிட்ட சொல்லிடாதீங்க அக்கா. புரொபேஷன்ல இருக்கறவங்கள எப்ப வேணா தூக்கலாமாம்."

யார் சொன்னது? எச்.ஆர். பாஸ்கர்தான். ஆள் வருவதற்கு முன்னால் சென்ட் வரும். அறிவு எந்த பஸ்ஸில் வருகிறதோ.

வாங்க: இரும்புச் சத்து மாத்திரை, எலுமிச்சை, பஸ்ஸுக்குக் கவர்.

ஜூன் 10, செவ்வாய்
சொல்லிவிட்டேன். மகப்பேறு விடுப்புக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். பாஸ்கர் ஏசியைக் கூட்டிவைத்தார். "என்னம்மா நீ, புரொபேஷன்ல போய்..." ஏதோ கம்பெனிப் பொருளைத் திருடிவிட்டது போல. "கன்ஃபர்ம் ஆவாதவங்களுக்கு அந்த லீவே கெடையாது."

இரவு சாப்பிட்டதும் கதிர் போனில் சட்டத்தைத் தேடினார். கடைசி ஒரு வருடத்தில் எண்பது நாள் வேலை செய்திருந்தால் போதும். புரொபேஷனா, நிரந்தரமா என்று சட்டம் கேட்கவே இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் முடிந்துவிட்டது. செல்போன் கடை வைத்திருக்கும் என் கணவருக்குப் பத்து நிமிடம் போதுமாயிருந்தது. எம்.பி.ஏ. படித்தவருக்குத் தெரியாதாம். தூ.

ஜூன் 12, வியாழன்
தூறல். மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். ராஜினாமாவாம். நான் கொடுத்ததாம்!

சேர்ந்த அன்று ஒன்பது பெண்களையும் உட்காரவைத்து, பாஸ்கர் சொல்லச் சொல்ல எழுதி வாங்கிய தேதி போடாத கடிதம். சும்மா ஃபார்மாலிட்டி என்றார். நானும் மார்ஜின் விட்டு, குண்டு குண்டாக எழுதிக் கொடுத்தேன். மடச்சி. இப்போது அதில் நேற்றைய தேதி, வேறு மையில்.

மேனேஜர் வாய்விட்டுப் படித்தார். "எனக்குத் திருமணம் நிச்சயமாகியிருப்பதால், என் சொந்த விருப்பத்தின் பேரில்..." நிறுத்தினார். என் தாலியைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். "பாஸ்கர், யாருக்குய்யா கல்யாணம்?"

"லேடீஸ் எல்லாருக்கும் அதே டிராஃப்ட்தான் சார்."

என்ன ஒரு மேதை! பெண் வேலையை விட வேறு காரணமே தோன்றவில்லை. சேரும்போதே எனக்குக் கல்யாணமாகி நாலு வருடம். பயோடேட்டாவில் இருக்கிறது.

உடல்நிலை காரணமாக என்று புதிதாக எழுதித் தரச் சொன்னார் பாஸ்கர். வெட்கமே இல்லாமல் பேனாவையும் நீட்டினார்.

"எழுத மாட்டேன் சார். இதையே குடுங்க, லேபர் ஆபீஸ்ல காட்டிக்கிறேன்."

மேனேஜர் கடிதத்தை என் கையில் கொடுத்தார். "போய் வேலையப் பாரும்மா. லீவுக்கு எழுதிக் குடு." மன்னிப்பு? ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. லேபுக்கு வந்ததும் கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்தேன். பயந்துதான் போயிருந்தேன்.

ஜூன் 13, வெள்ளி
விடுப்பு விண்ணப்பம் கொடுத்தாயிற்று. நகலில் கையெழுத்தும் வாங்கினேன். கேன்டீன் சாம்பார் வழக்கம்போலத் தண்ணீர். மற்ற பெண்கள் நேற்றைய கதையைக் கேட்டுச் சிரித்தார்கள். மேரி மட்டும் சிரிக்கவில்லை. கை கழுவும் இடத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, எனக்கு நெசமாவே நிச்சயமாயிடுச்சு. வர்ற ஞாயித்துக்கெழம மாதா கோயில் பூசையில கல்யாண ஓலை வாசிக்கிறாங்க. நான் வேலைய விடப் போறதில்ல. ஆனா என் லெட்டர்ல இருக்கறது இப்ப உண்மைதானக்கா? தேதியப் போட்டா போச்சே."

சோற்றை அப்படியே விட்டுவிட்டு, அவள் கடிதத்தையும் திருப்பி வாங்க இரண்டு பேரும் பாஸ்கர் அறைக்குப் போனோம். கதவைத் தட்டவில்லை.