வேலிக்கு மேலால் வந்த கோழித்துண்டு

அக்கா,

இன்று காலை குசினியில் கோழி அவித்தேன். உப்பில்லை, மஞ்சளில்லை, ஒரு பல்லு உள்ளிகூட இல்லை. துரைக்கு இரண்டு நாளாக வயிறு சரியில்லை. வெறும் கோழியும் சோறும் கொடுக்கச் சொல்லி மிருக வைத்தியர் சொன்னார். பானையின் மூடியைத் திறந்ததும் அந்த ஒன்றுமில்லாத வாசம் முகத்தில் அடித்தது. உடனே உங்கள் குசினி ஞாபகம் வந்துவிட்டது. அடுப்பை நிறுத்தி, மூக்கைச் சிந்திக்கொண்டு, இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் எட்டு மாதம். செத்த வீட்டில்கூட அழாமல் நின்றுவிட்டு அவித்த கோழிக்கு அழுதவள் இந்தச் சிட்னிக் கிரவீனில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதற்குத் துரை என்று பெயர் வைத்ததே நீங்கள்தான். நாய்க் காப்பகத்தில் தந்த பெயர் பஸ்டர். முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போன வருடம், வீட்டுக்குள் ஒரு உயிர் நடமாட வேண்டும் என்று நான் அடம்பிடித்துக் கொண்டுவந்த கறுப்பு நாய். வந்த அன்றே முன்னங்கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு வேலியோரம் கிடந்தது. நீங்கள் உங்கள் பக்கத்தில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நின்றீர்கள். "ஆர் இந்தத் துரை? இடத்தைப் பாக்க வந்தவர் மாதிரிக் கிடக்கிறார்," என்றீர்கள். அதற்குப் பிறகு பஸ்டர் என்று கூப்பிட்டால் அது காதைக்கூட அசைக்காது.

ஆனால் நீங்கள் வேலிக்கு நாலடி தள்ளித்தான் நிற்பீர்கள். நாயின் வாயீரம் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் போட்டு என்று சொன்னீர்கள். "எனக்கு அவரோட ஒரு கோவமும் இல்ல, தங்கச்சி. அவர் அங்கால, நான் இஞ்சால. தொழுகைக்கு நேரமாச்சு, வாறன்." இப்போது சொல்வதற்கென்ன, எனக்கு அப்போது கொஞ்சம் மனத்தாங்கல்தான். என் நாயைப் பிடிக்காதவருக்கு என்னையும் பெரிதாகப் பிடிக்காது என்று நானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் நாய் வளர்த்த லட்சணத்தை நீங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்ததுதான். இவருடைய ஊர் வீட்டில், நாய் தின்னும்போது தட்டுக்குள் கையை விட்டுச் சோற்றைப் பிசைவார்களாம். "வீட்டுக்காரன் ஆர் எண்டு நாய்க்குத் தெரிய வேணும்," என்பார் இவர். நானும் நம்பினேன். பின்னேரமானால் மீன்குழம்புச் சோற்றை வைப்பேன், துரை வாய் வைத்ததும் கையை விடுவேன். அது உறுமும். சுருட்டிய பேப்பரால் மூக்கில் ஒன்று போடுவேன். ஒரு மாதத்தில் உறுமலை நிறுத்திவிட்டது. நாய் திருந்திவிட்டது என்று நாங்கள் இரண்டு பேரும் பெருமைப்பட்டோம். எங்களைப் போல மடையர் சிட்னியில் இருந்திருக்க மாட்டார்கள்.

இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு தொடக்கத்தில், எனக்கு மறுபடி மூன்று மாதம். துரை ஒரு ஆட்டெலும்போடு கிடந்தது. இடம் கூட்டுவதற்காக அந்த எலும்பை எடுக்கக் குனிந்தேன். உறுமல் இல்லை, ஒன்றுமில்லை. மணிக்கட்டில் ஒரே கவ்வு. இரண்டு தையல்.

இவர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. என் கைக்கட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உமக்கு ஏழாம் மாசம் வரைக்கும் பாப்பம். இதே மாதிரி நிண்டால் திருப்பிக் கொண்டுபோய் விடுவம். தவழுற பிள்ளையோட இதை வைச்சிருக்கேலாது." அவர் சொன்னதில் பிழையில்லை. நான் காப்பகத்துக்குப் போன் எடுத்துக் கேட்டேன். எடுத்துக்கொள்வோம், ஆனால் கடித்ததை எழுதி வைக்க வேண்டும், கடித்த நாயை இன்னொரு வீடு எடுப்பது சந்தேகம் என்றார்கள். எவரும் எடுக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. போனை வைத்துவிட்டு வந்து பார்த்தால், பிள்ளை போன பிறகு வந்த நாட்களில் என் காலடியிலேயே கிடந்த அந்த நாய், வாலைக் காலுக்குள் வைத்துக்கொண்டு கராஜுக்குள் ஒளிந்திருந்தது.

நாய் பழக்கும் வெள்ளைக்காரப் பெண் வந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வழக்கம்போல நீங்கள் உடுப்புக் கொடியில் நின்றீர்கள், காது மட்டும் எங்கள் பக்கம். நான் செய்ததையெல்லாம் ஒப்புக்கொண்டேன். அந்தப் பெண் தலையில் கை வைத்தாள். "உறுமுவது அது உங்களுக்குச் சொல்லும் எச்சரிக்கை. அதை நீங்கள் அடித்து நிறுத்திவிட்டீர்கள். இனி அது சொல்லாமல்தான் கடிக்கும்," என்றாள். செய்ய வேண்டியது இவ்வளவுதானாம்: துரை தின்னும்போது அது விறைக்காத தூரத்தில் ஒருவர் நடந்து வர வேண்டும். தட்டில் இருப்பதைவிட நல்லதாக ஒரு துண்டை எறிய வேண்டும். பேசாமல் திரும்பிப் போக வேண்டும். எடுக்கக் கூடாது, தொடக் கூடாது. ஆள் கிட்ட வந்தால் சாப்பாடு போகாது, கூடும் என்று அதற்கு விளங்க வேண்டும். ஆனால் அந்த வேலையைத் தொடங்க, அதன் தட்டுப் பக்கம் ஒருநாளும் கை நீட்டாத ஒருவர் வேண்டும் என்றாள்.

அவள் அப்படிச் சொன்னதும் இரண்டு பேரும் உங்களைத்தான் திரும்பிப் பார்த்தோம்.

"நானோ? நான் அதைத் தொட மாட்டன்!" என்று கையில் இருந்த ஈரச்சேலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டீர்கள். தொடாமல் இருப்பதுதான் வேலையே என்று அவள் சொன்னபோது உங்கள் முகம் போன போக்கு! வெட்கமும் சந்தோசமும் ஒன்றாக வந்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

அடுத்த நாளே தொடங்கிவிட்டீர்கள். கோழி வாங்கித் தருகிறேன் என்றதற்கு நீங்கள் விடவில்லை. "என்ர சட்டியில ஹலால்தான் அவியும். துரைக்கும் அதுதான்." சதுரம் சதுரமாக நகமளவுக்கு வெட்டி, பழைய மாஜரின் டப்பாவில் போட்டுக்கொண்டு, பின்னேரத் தொழுகை முடிந்ததும் வருவீர்கள். முதல் நாள் உங்கள் குசினி வாசற்படியில் இருந்தே எறிந்தீர்கள். துண்டு வேலிக்கு மேலால் பறந்து வந்து என் தலையில் விழுந்தது. துரை அதையும் தின்றுவிட்டு என் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

உங்கள் வாசற்படியில் இருந்து வேலி வரைக்கும் போகும் உடுப்புக் கொடியில் நீங்கள் கொழுவிய கிளிப்தான் எங்கள் அளவுகோல். துரையின் தட்டு ஒரே இடத்தில் இருக்கும். நீங்கள் எவ்வளவு தூரம் வரலாம் என்பதற்கு அந்தச் சிவப்புக் கிளிப் அடையாளம். துரையின் முதுகு விறைக்காமல் மூன்று நாள் போனால் கிளிப் ஒரு சாண் நகரும். விறைத்தால் பின்னால் போகும். நான் ஜன்னலுக்குள் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்ப்பேன். ஒரு சாண்! எனக்கு வயிறு அதைவிட வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது.

அதனால்தான் அந்த வேலை பார்த்தேன். எனக்கு ஐந்தாம் மாதம், ஒரு ஞாயிறு. இவர் வீட்டில் நின்றார். நாய் எவ்வளவு திருந்திவிட்டது என்று காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு அரிப்பு. நேரே போய், தின்றுகொண்டிருந்த துரையின் தட்டைத் தூக்கினேன். அது கடிக்கவில்லை. ஆனால் பல்லைக் காட்டி, உடம்பெல்லாம் நடுங்கி உறுமியது. இவர் என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். அடுத்த நாள் நீங்கள் வந்தபோது துரை உங்களைக் கண்டும் தட்டின் மேல் குறுக்கே படுத்தது. நீங்கள் கிளிப்பைக் கழற்றிக்கொண்டுபோய் முதல் நாள் இருந்த இடத்தில் கொழுவினீர்கள்.

பிறகுதான் கோபப்பட்டீர்கள். நீங்கள் என்னோடு கோபப்பட்ட ஒரே தரம்.

"குடுக்கிறதுக்கு எத்தினை நாள் எடுத்தது? நீர் ஒரு நிமிசத்தில பறிச்சிட்டீர். பறிக்க வாற கையை அதுக்கு மட்டுமில்ல, எனக்கும் தெரியும். தொண்ணூறில இயக்கக்காரர் வந்து, முஸ்லிம் சனம் எங்களை எல்லாம் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொன்னாங்கள். இரண்டு மணித்தியாலம். உம்மா சோறு வடிச்சுக்கொண்டு நிண்டவா, அந்தச் சோறு அப்பிடியே கிடந்தது. ரோட்டில மறிச்சு என்ர காதில கிடந்ததையும் கழட்டுவிச்சினம். இருபத்தொரு வருசம். இண்டைக்கும் ஆரும் பின்னால நிண்டு கை நீட்டினால் எனக்கு நெஞ்சு அடிக்கும். நான் உறுமிறேல்ல, அவ்வளவுதான்."

நான் அந்த ஊர்ப் பிள்ளை, அக்கா. என் வீட்டுக்கு நாலு தெரு தள்ளித்தான் உங்கள் தெரு. நீங்கள் போன நாள் எனக்கு வயது பதினைந்து. அம்மா ஜன்னலைச் சாத்தினது ஞாபகம் இருக்கிறது. அதற்கு மேல் எங்கள் வீட்டில் எவரும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. நாங்கள் இழந்ததைச் சொல்லிச் சொல்லி அழுதோம். உங்களிடம் எடுத்ததைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றேன். எதற்கென்று நான் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை. மூக்கைத் துடைத்துவிட்டு, "முதல்ல நாயிட்டச் சொல்லும்," என்றீர்கள். இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தோம். துரை எங்களைப் பைத்தியங்கள் என்று முடிவு கட்டியிருக்கும்.

அதற்குப் பிறகு நான் குறுக்கே வரவில்லை. கிளிப் நகர்ந்தது. வேலி வரைக்கும் வந்தது. பிறகு நீங்கள் எறிய, நான் நாலடி தள்ளி நின்றேன். பிறகு நான் எறிந்தேன். கடைசியாக இவரையும் பிடித்து நிறுத்தினோம். "நான் நாய்க்குப் பயந்து கோழி எறியிறதோ," என்று முணுமுணுத்துக்கொண்டு டப்பாவை வாங்கினார். "பயமில்லாட்டி நேரா எறியுமன்," என்று வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து உங்கள் குரல் வந்தது.

ஏழாம் மாதம் முடிய நாலு நாள் இருந்தது. துரை ஆட்டெலும்போடு கிடந்தது. இவர் எதையோ எடுக்க, ஞாபகமில்லாமல் அதன் பக்கத்தால் நடந்துபோனார். துரை தலையைத் தூக்கியது. எலும்பை விட்டுவிட்டு எழும்பி, வாலை ஆட்டிக்கொண்டு வந்து அவர் கையைப் பார்த்தது. அவர் கையில் ஒன்றுமில்லை. அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. உள்ளே ஓடிப்போய் எதையோ எடுத்து வந்து கொடுத்தார். பார்த்தால் எங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பொரித்த மீன். "சரி, நிக்கட்டும்," என்றார். நான் உங்களைக் கூப்பிட வாயெடுக்க முதலே நீங்கள் உங்கள் முற்றத்தில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றீர்கள்.

மகளுக்கு இப்போது இரண்டு வயது. துரை தின்னும்போது நடுவில் சின்னக் கேற்றைப் போட்டுத்தான் வைத்திருக்கிறோம், அதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அவள் எதையாவது கையில் பொத்திக்கொண்டு "என்ட!" என்று கத்தினால் இவர் பறிக்கப் போவார். "இன்னொண்டைக் குடுத்து வாங்குங்கோ!" என்று நான் உள்ளிருந்து கத்துவேன். கத்துவது மட்டும் மாறவில்லை.

ஆனால் நான் எழுத வந்தது போன வருடத்தைப் பற்றி. நீங்கள் மெலிந்துகொண்டு வந்தீர்கள். கேட்டால், நோன்பு பிடித்தது, சாப்பாடு பிடிக்கவில்லை என்றீர்கள். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக் கடிதம் உங்கள் தபால்பெட்டியில் நீட்டிக்கொண்டிருந்ததை நான் கண்டேன். பழைய ஆளாக இருந்தால் அன்றைக்கே வந்து, என்னிடம் மறைக்கிறீர்களா என்று சண்டை பிடித்து, உண்மையைப் பிடுங்கியிருப்பேன். வாசல் வரைக்கும் வந்தும்விட்டேன். உங்கள் முகம் விறைத்ததைக் கண்டேன். திரும்பிவிட்டேன்.

அடுத்த நாள் ஒரு கிண்ணம் கஞ்சியை வேலிக்கட்டையில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனேன். அதற்கடுத்த நாள் புட்டு. பிறகு வெறும் தேத்தண்ணீர். நீங்கள் எடுத்தீர்கள், நான் நின்று பார்க்கவில்லை. ஏழாம் நாள், நான் கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்ப, கதிரையில் இருந்தபடி நீங்கள் சிரித்தீர்கள்.

"என்ன தங்கச்சி, என்னையும் பழக்கிறீரோ?"

"ஓம் அக்கா."

"அப்ப போதும். இனிக் கிட்ட வாரும்."

பக்கத்துக் கேற்றைத் திறந்துகொண்டு வந்து உங்கள் காலடியில் நிலத்தில் இருந்தேன். வைத்தியர் சொன்னது, இன்னும் எத்தனை மாதம், எது பயம், எது பயமில்லை, எல்லாம் சொன்னீர்கள். பிள்ளைகளுக்கே இன்னும் சொல்லவில்லை என்றீர்கள். நான் ஒன்றையும் கேட்டுப் பறிக்கவில்லை, அக்கா. நீங்களாகத்தான் தந்தீர்கள். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.