பொட்டு வைத்த கட்டை

ஐப்பசி 12, புதன். இரவு.

காசிமேட்டிலிருந்து லாரியில் வந்த பழைய படகை இன்று பிரித்தோம். இன்ஜின் ஆடுகிறது, போல்ட்டை முறுக்கினால் போதும் என்றுதான் ஏழுமலை அண்ணன் கொண்டுவந்தார். போன மாதம்தான் யாரிடமோ வாங்கினாராம். போல்ட் கையோடு வந்துவிட்டது. இன்ஜின் உட்காரும் நீளக் கட்டையின் மேலிருந்த ஃபைபரை அறுத்து உரித்தேன். உள்ளே மரம் ஈரச் சாணி மாதிரி இருந்தது. உரித்த ஃபைபரோடு ஒரு குங்குமப் பொட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. இன்னும் சிவப்பாக.

மூடுவதற்கு முன் கட்டைக்குப் பொட்டு வைப்பது காட்டுப்பாக்கத்தில் எங்கள் ஷெட்டில் மட்டும்தான். வைப்பது நான். இந்தப் படகை நாங்கள் செய்த அந்த மழைக்காலத்தில், கட்டை காயவில்லை என்று தெரிந்தேதான் மூடினேன். வெள்ளிக்கிழமை நல்ல நாள், படகு போயாக வேண்டும் என்று மச்சான் தலைமேல் நின்றான். ஷெட் அவனுடையது. அவனுக்கு எல்லா வெள்ளியும் நல்ல நாள்.

அண்ணன் பொட்டைப் பார்த்தார். "சாமி கும்டுகினு செஞ்சிகீறான் பாரு, பேமானி. அதுக்குக் கட்டைய காய வுட்டிருக்கலாம்."

"எவன்னு தெர்ல அண்ணாத்தே. இப்டியும் கீறானுங்க" என்றான் மச்சான், முகம் மாறாமல்.

நான் கிரைண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது அண்ணன் என் தோளில் கை வைத்தார். "என் புள்ளயும் இதுலதான் கடலுக்குப் போறான். உன்ன நம்பித்தான் வுட்டுட்டுப் போறேன்."

சாயங்காலம் புதுக் கட்டை வந்து இறங்கியது. நகத்தால் கீறிப் பார்த்தேன். ஈரம். வெள்ளிக்குள் முடித்துவிடு என்கிறான் மச்சான். குங்கும டப்பாவைக்கூட எடுத்து வெளியே வைத்துவிட்டான்.