வல்லக்கோட்டையில் பூ வைக்காத நாள்

இன்று காலை மாடியிலிருந்து உப்பு வறுக்கும் வாசனை வந்தது. உப்புக்கு ஏது வாசனை என்று கேட்பவர்கள், அதை வாணலியில் பொரியவிட்டு, பழைய வேட்டித் துணியில் சூட்டோடு முடிந்து, அடிவயிற்றில் ஒத்தடம் வைத்துப் படுக்காத புண்ணியவதிகள். துணி லேசாகக் கருகும். நமக்குத் தெரியும். இருங்காட்டுக்கோட்டையில் என் வீட்டு மாடியை அறைகளாகத் தடுத்து, ஒரகடத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன் அல்லவா, கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போன பிறகும் அவர்களில் ஒருத்தி இறங்கவில்லை. படியேறும்போதே நீ ஞாபகத்துக்கு வந்துவிட்டாய்.

தொண்ணூற்றோராம் வருஷம் இங்கே கார் கம்பெனியும் இல்லை, வாடகை அறையும் இல்லை. வயலும் ஏரியும்தான். எனக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஓடியிருந்தன. வயிற்றில் எதுவும் தங்கவில்லை. மாதம் தவறாமல் தங்கியது வலி ஒன்றுதான். சுருண்டு படுப்பேன், வாந்தி எடுப்பேன், சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போவேன். "பொம்பளைக்கு இது இன்னா புச்சா? நாங்கல்லாம் நடவு நட்டுகினே தாண்டல?" என்பார் மாமியார். கெட்டவர் இல்லை. வலியை மட்டும் நம்பமாட்டார். பிள்ளை இல்லாததை நம்பினார். அதனால் தன் மகனுக்கு இன்னொருத்தியைக் கட்டிவைப்பது என்று முடிவெடுத்து, சொந்தத் தம்பி மகளையே பார்த்தார். அது நீ.

எங்கள் குடும்பத்தில் இதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார்கள். இளையவள் தலையில் மூத்தவளே தன் கையால் பூ வைக்கவேண்டும். வைத்துவிட்டால், அப்புறம் ஊர்க்கூட்டத்தில் போய் அவள் எதுவும் பேச முடியாது. நல்ல ஏற்பாடு! வல்லக்கோட்டை முருகன் சன்னதியில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். நாள் குறிக்க ஜோசியரைக் கேட்டார்கள், வேன்காரரைக் கேட்டார்கள், பூக்காரம்மாவைக்கூடக் கேட்டார்கள். நம் இருவரை மட்டும் கேட்கவில்லை.

கோயில் வாசலில் நீ நின்றுவிட்டாய். "அத்த, நான் உள்ள வரக்கூடாது. வூட்டுக்கு தூரம்," என்றாய். மாமியாருக்கு முகம் செத்துப்போனது. எனக்கும் அன்று விடியும்போதே ஆகியிருந்தது. சொன்னால் சாக்குச் சொல்கிறாள் என்பார்களே என்று வாயை மூடிக்கொண்டு வேனில் ஏறியிருந்தேன். உன் குரலைக் கேட்டதும் தைரியம் வந்தது. "நானும்தான்," என்றேன். உன் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அர்ச்சனைக்குச் சொல்லியாகிவிட்டது என்று எல்லோரும் உள்ளே போனார்கள். பூ வைக்கவேண்டியவளும் வெளியே, வைத்துக்கொள்ள வேண்டியவளும் வெளியே. உள்ளே யார் பேருக்கு அர்ச்சனை நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வேன் நிழலில் தரையில் உட்கார்ந்தோம். நான் முழங்காலை வயிற்றோடு அழுத்திக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் நீயும் அப்படியே உட்கார்ந்திருக்கிறாய். மேலுதட்டில் வேர்வை.

"உனக்கும் இப்டித்தானா?" என்றேன்.

"எனக்கு அதுக்கு பேரே வெச்சிக் குட்த்துட்டாங்கக்கா," என்றாய்.

எண்டோமெட்ரியோசிஸ். அந்தச் சொல்லை நீ பிரித்துப் பிரித்துச் சொன்னாய், நான் தப்புத் தப்பாகத் திருப்பிச் சொன்னேன். உன் அம்மா ரகசியமாக உன்னை மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தார். வயிற்றில் சின்ன துளை போட்டு, குழாய் விட்டுப் பார்த்தார்களாம். சொந்தக்காரர்களிடம் குடல்வால் ஆபரேஷன் என்று சொல்லிவைத்திருந்தார்கள். என் மாமியாரும் ஆரஞ்சுப் பழத்தோடு போய் அந்தக் குடல்வாலை விசாரித்துவிட்டு வந்தவர்தான். "கர்ப்பப்பைக்கு உள்ள இருக்கற சவ்வு மாதிரியே வெளியவும் வளருதாம். மாசா மாசம் அதுவும் ரத்தம் வுடுது. வெளிய போவ வழியில்லாம அங்கங்க ஒட்டிக்குது. கொழந்த நிக்கறது கஷ்டமா இருந்தாலும் இருக்கும்னாங்க," என்றாய்.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஊரெல்லாம் விட்டுவிட்டு, எனக்குப் பதிலாக என்னையே தேடிப் பிடித்திருந்தார் மாமியார். சிரித்த வேகத்திலேயே அழுகையும் வந்தது. நான் சோம்பேறியில்லை, நடிக்கவில்லை, யாருக்கும் பாவம் செய்யவில்லை. எனக்கு இருந்தது ஒரு நோய். அன்று அழுத அழுகையைப் போல ஒரு நிம்மதியை அதற்கு முன் நான் கண்டதில்லை.

"யார்கிட்டயும் சொல்லிடாத. உனக்கு வேற எடம் வராது," என்றேன். மனதார அதைத்தான் சொன்னேன், என் வாழ்க்கை போகிறதென்று தெரிந்தே.

"சொல்லலன்னா, நாளைக்கு எனக்கு பின்னால ஒருத்திய கூட்டினு வருவாங்க. அவ தலைல பூ வெக்க என்னை இட்டாருவாங்க," என்றாய்.

விபூதித் தட்டோடு எல்லோரும் வெளியே வந்தார்கள். நீ இடுப்பில் கையை ஊன்றி எழுந்தாய். "அத்த, அக்காவுக்கு இருக்கற அதே நோவுதான் எனக்கும். ஆபரேஷன் பண்ணது அதுக்குத்தான், குடல்வாலுக்கு இல்ல. கொழந்தைக்காக என்னை கட்டிக்குடுக்காதீங்க. ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்கு கூட்டினு போங்க," என்றாய். வாசலில் தேங்காய் விற்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். உன் அப்பா கையை ஓங்கினார். அந்தக் கையைப் பிடித்தவர் என் வீட்டுக்காரர். அதுவரை பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்த மனுஷன், "போதும் மாமா. வண்டில ஏறுங்க," என்றார். அன்று அவர் பேசியதே அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

நீதான் என்னை அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாய். சினைப்பையில் பழைய ரத்தம் கட்டியிருந்த கட்டியை எடுத்தார்கள். வலி பாதியாகக் குறைந்தது, ஒழியவில்லை. குழந்தை பிறக்கவில்லை. அதை மழுப்ப விரும்பவில்லை. பக்கத்து வீட்டில் தொட்டில் கட்டிய நாட்களில் நான் அழுததை நீ பார்த்திருக்கிறாய். ஆனால் மாமியார் அதற்குப் பிறகு வேறு பெண்ணைத் தேடவில்லை. மாதாமாதம் எனக்கு அந்த நாள் வந்தால், சுக்குக் காப்பி போட்டு என் தலைமாட்டில் வைக்கப் பழகிவிட்டார்.

உனக்குத்தான் நான் பயந்தபடியே வேறு இடம் வரவில்லை. "மாமியார் தொல்ல இல்ல, நல்லதாப்போச்சு," என்று கையைத் தட்டிவிட்டுப் போனாய். சில ராத்திரிகளில் அது உனக்கு உறுத்தியிருக்கும், எனக்குத் தெரியாதா? கம்பெனிகள் வந்தபோது ஒரகடத்தில் கார் பாகம் பூட்டும் லைனில் சேர்ந்தாய், லைன் லீடரும் ஆனாய். வலி தாங்காமல் உட்கார்ந்துவிட்ட ஒரு பெண்ணை சூப்பர்வைசர் திட்டியபோது, "ஒரு சேர் போட்டா லைன் நின்னுடாது சார்," என்று நீயே நாற்காலி இழுத்துப் போட்ட கதையை எத்தனை தரம் கேட்டாலும் எனக்குச் சலிக்காது.

இன்று மாடியில் இருந்தவள் தென்காசிப் பக்கத்துப் பெண். "அம்மைட்ட சொல்லிராதீய ஆன்ட்டி. மாப்பிள்ள பாத்துட்டு இருக்காவ," என்றாள். நான் சொல்லவில்லை. ஆட்டோ வைத்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஸ்கேன் முடியக் காத்திருந்த நேரத்தில் உன் கதையை, ஒரு இடம் விடாமல், கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். சாயங்காலம் அவளே அம்மாவுக்குப் போன் போட்டுப் பேசினாள். முதலில் அழுதாள், பிறகு சத்தமாகவே பேசினாள்.

ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்லவேண்டும். உன் சாவுக்கு நான் வந்திருந்தபோது, உன்மேல் கோடிப் புடவை போர்த்துவதற்கு முறைப்படி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். தாய்வீட்டுக் கோடி முடிந்தது, பங்காளி வீட்டுக் கோடி முடிந்தது. நான் புடவையோடு முன்னே போனேன். முன்னால் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவருக்கு என்னைத் தெரியவில்லை. "நீ இன்னா மொறம்மா?" என்றார். நாம் இரண்டு பேரும் கேலிக்குச் சொல்லிக்கொள்வதைத் தவிர வேறெதுவும் எனக்கு வாயில் வரவில்லை. "சக்களத்தி," என்றேன். ஒப்பாரி சட்டென்று நின்றது. உன் அண்ணி என்னை முறைத்தாள். என் வீட்டுக்காரர் தூணோரம் நின்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுதாரா, சிரித்தாரா தெரியாது. பெரியவர் என் முகத்தைப் பார்த்தார், தூணோரம் குலுங்கியவரைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "சக்களத்தி கோடி!" என்று உரக்கக் கூவினார்.

வழிவிட்டார்கள். யார் கேட்டாலும் இன்றைக்கும் எனக்கு அந்த முறைதான்.