பின்கதவில் இரண்டு தட்டு

பிக்கப்பின் இடது சீட்டில் கையை வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு இன்னமும் என்னோடு வருகிற மாப்ள செல்வராசுக்கு,

நீ போன முதல் வருச நினைவு நாளுக்குப் பேப்பரில் போட்டோ போடவேண்டும் என்று ஒறம்பரை சொந்தபந்தமெல்லாம் கூடிப் பேசினார்கள். போட்டோவுக்குக் கீழே நாலு வரி எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. 'கண்ணீருடன்' என்று ஆரம்பித்து அதை அடித்துவிட்டேன். நீ போன அன்றைக்கு நான் பந்தல்காரனோடும் ஐஸ்பெட்டிக்காரனோடும் பேசிக்கொண்டே திரிந்தேனே தவிர, அழவில்லை. ஊருக்கே தெரிந்ததைப் பேப்பரில் மாற்றிப் போட முடியுமா? எனக்குச் சொல்ல இருப்பது ஒரே ஒரு சமாச்சாரம். அது நாலு வரியில் அடங்கவில்லை. அதனால் கடிதமாக எழுதுகிறேன். அன்றைக்குச் சாப்பிட வருகிறவர்கள் கையில் இதை அச்சடித்துக் கொடுக்கப் போகிறார்களாம். படிக்கட்டும்.

சமாச்சாரம் இதுதான். நம் பிக்கப்பின் பின்கதவுக்கு ரிமோட் பூட்டுப் போட்டாச்சு.

உனக்குச் சிரிப்பு வரும். பத்து ரூபாய்க் கயிறு போதாதா என்பாய். ஏன் போட்டேன் என்று கேள்.

படிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நானும் செல்வராசும் ஆழ்குழாய்க் கிணற்றுப் போர் மோட்டார் கழற்றி மாட்டுகிறவர்கள். ஆயிரம் அடிக்குக் கீழே நின்றுபோன மோட்டாரை மேலே இழுத்து, வண்டியில் போட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோய், சரிசெய்து திரும்ப இறக்குவோம். பதினொரு வருசம் சேர்ந்து செய்தோம். இவன் என் தங்கச்சி சாந்தாமணியைக் கட்டியவன். நாலு பேர் முன்னால் 'வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள' என்பேன். வண்டிக் கதவைச் சாத்தினால் 'வாடா, போடா'தான். நான் ஓட்டுவேன். இவன் பின்கதவைச் சாத்துவான். சாத்திவிட்டு இரண்டு தட்டு தட்டுவான். நான் கிளம்புவேன், ஊர்ந்துகொண்டிருக்கிற வண்டியில் இவன் ஓடிவந்து ஏறுவான். 'டவுன் பஸ் கண்டக்டர்' என்று இவனுக்கு நான் வைத்த பெயர் எங்கள் பட்டறை வட்டாரத்தில் நிலைத்தே போனது.

நீ இல்லாமல் வேலைக்குப் போக ஆரம்பித்தபோது எனக்கு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை, மாப்ள. உள்ளதைச் சொல்கிறேன். தோட்டத்துக்காரர் ஆள் இரண்டு பேரைக் கூப்பிட்டு விடுவார், தூக்கிப் போடுவார்கள், நான் வந்துவிடுவேன். உன் சீட்டில் கேபிள் சுருளை வைத்துக்கொண்டேன். இடம் வீணாகவில்லை என்றுகூட நினைத்தேன்.

போன ஆடியில், மல்லசமுத்திரம் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் ஏழரை எச்பி மோட்டார் ஏற்றினோம். ஆட்கள் ஏற்றி, கதவைத் தூக்கிச் சாத்தினாற்போல் வைத்துவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டார்கள். நான் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினேன். வண்டி குலுங்கியதில் பின்னால் கிடந்த பைப் இரண்டு கதவில் இடித்தன. டொம், டொம். என் கால் தானாகக் கிளட்சை விட்டது. பதினொரு வருசப் பழக்கம். அந்தச் சத்தம் கேட்டால் கால் அதுவாகவே போகும், என்னைக் கேட்காது.

பண்ணை வழி தாண்டித் தார்ரோட்டில் முதல் வேகத்தடையில் ஏறி இறங்கியபோது கதவு படாரென்று விழுந்தது. மோட்டார் உருண்டு ரோட்டில் குதித்தது. பின்னால் ஒரு அம்மா மொபெட்டில் பால் கேனோடு வந்துகொண்டிருந்தார். வண்டியை மண்ணில் இறக்கிச் சாய்ந்துவிட்டார். முழங்கை தேய்ந்ததோடு போனது. மோட்டார் அவர் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

அவர் எழுந்து வந்து கேட்டார். "ஏனுங்க, கண்ண எங்கீங்க வெச்சுட்டு ஓட்டறீங்க? எனக்கு ஊட்டுல ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க!"

நான் இடது பக்கம் திரும்பிக் கேபிள் சுருளைப் பார்த்து, "ஏன்டா, கதவச் சாத்தறதுகூட உனக்கு மறந்து போச்சாடா?" என்று கத்தினேன்.

அந்த அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். சீட்டில் ஆள் இல்லை. அவர் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. "ஆருகிட்டீங்க பேசறீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்கு அப்போது உன்மேல் அடங்காத கோபம் வந்தது, மாப்ள. செத்துப்போனவன்மேல் கோபம் வருமா? வந்தது. உன்னை நம்பித்தானே திரும்பிப் பார்க்காமல் ஓட்டினேன், இப்படி நடுரோட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டாயே என்று இருந்தது. பிறகுதான் இறங்கிப்போய் அந்த அம்மாவின் மொபெட்டைத் தூக்கி நிறுத்தினேன்.

ஊர் வாயை மூட முடியுமா? சாயங்காலத்துக்குள் சாந்தாமணிக்குச் சேதி போய்விட்டது. அவள் சத்தம் போடவில்லை. "ஒரு ஊட்டுல ஆளில்லாம கெடக்கறது போதாதுங்களாண்ணா? இன்னொரு ஊட்டையும் அப்படிப் பண்ணப் பாத்தீங்களே. இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா சாவிய நானே வாங்கி வெச்சுக்குவேன். வண்டி அவரு பேர்லதான் இருக்குது" என்றாள். நியாயம்தான். அந்த வண்டி போனால் எனக்கு வேறு தொழில் தெரியாது. அதைவிட, அந்த அம்மாவின் முன்சக்கரம் என் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

அப்போதுதான் இந்த ரிமோட் பூட்டு. திருச்செங்கோட்டு ரோட்டில் வண்டி ஒயரிங் செய்கிற பாபுவை உனக்குத் தெரியும், ஒரு கேள்வி கேட்டால் ஒன்பது பதில் சொல்வானே, அவனிடம் விட்டேன். முன்கதவுகளைப் பூட்டுகிற அதே ரிமோட்டில் பின்கதவும் பூட்டிக்கொள்ளும் என்றான். கதவின் உள்பக்கத் தகட்டைக் கழற்றினான். ஒரு சட்டி காய்ந்த போர்ச்சேறு கொட்டியது. கைப்பிடிக்குப் பக்கத்தில் கட்டைவிரல் கனத்துக்கு ஒரு சின்ன மோட்டார் வைத்தான். அதன் கம்பி முன்னால் தள்ளினால் கைப்பிடி தூக்க வராது. பின்னால் இழுத்தால் வரும். அவ்வளவுதான் சங்கதி. ஒயரை வண்டியின் அடியில் பைப்புக்குள் விட்டு, கதவு திறந்து மூடும்போது அறுந்துவிடாதபடி மடிப்பில் கொஞ்சம் தளர்வு விட்டு, முன்னால் கொண்டுவந்து சேர்த்தான். வேலை சுத்தம். பொத்தானை அழுத்தினால் 'டக்' என்கிறது, லைட் ஒரு தடவை மின்னுகிறது. நான் ஏழெட்டுத் தடவை அழுத்திப் பார்த்தேன்.

தகட்டைத் திருப்பி மாட்டும்போது பாபு ஒன்று கேட்டான். "ஏனுங்கண்ணா, கதவுல ரெண்டு மூலையில மட்டும் பெயிண்டு தேஞ்சு இரும்பு தெரியுதுங்களே, என்ன இடிச்சதுங்க?"

"எங்க மாப்ள தட்டுவாரு. கண்டக்டர் மாதிரி, போலாம் ரைட்டுன்னு" என்றேன்.

"ரைட்டு குடுக்கறவரு நடுவுல தட்டினாப் போதாதுங்களா? எதுக்கு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கறாரு?"

நான் அதைக் காதில் வாங்கவில்லை. பாபு பேசுவதை எல்லாம் காதில் வாங்கினால் நாள் போதாது.

நேராக வண்டியைச் சாந்தாமணி வாசலுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். கொஞ்சம் பெருமையாகத்தான் போனேன். இனி நான் மறந்தாலும் வண்டி மறக்காது என்று சொல்லி, கதவைத் திறந்து சாத்தி, ரிமோட்டை அவள் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னேன். அழுத்தினாள். டக். லைட் மின்னியது. கைப்பிடியை இழுத்துப் பார்க்கச் சொன்னேன். வரவில்லை. "பாத்தியா?" என்றேன்.

அவள் கைப்பிடியை விட்டுவிட்டு இடது மூலைக்குப் போனாள். கதவின் விளிம்பில் விரலை வைத்து அசைத்தாள். கதவு ஒரு விரல்கடை வெளியே வந்து ஆடியது.

"பூட்டிருச்சுங்கறீங்க. இது தொறந்துல்ல கெடக்குது."

நானும் அசைத்துப் பார்த்தேன். பூட்டு பூட்டியிருந்தது. கதவு மூடவில்லை. அந்தப் பூட்டு கைப்பிடியைத்தான் பிடிக்கும். கதவின் இரண்டு கோடியிலும் இருக்கிற கொக்கி மாட்டியதா இல்லையா என்று அதற்கு எப்படித் தெரியும்? பாபு கடையிலிருந்தும் இப்படியேதான் ஓட்டிக்கொண்டு வந்திருப்பேன்.

"எடது கொக்கி எப்பவுமே சட்டுனு புடிக்காதுங்கண்ணா" என்றாள் சாந்தாமணி. "அதுக்குத்தான் அவரு எடது மூலையில ஒரு தட்டு தட்டுவாரு, டக்குனு விழும். அப்பறம் வலது மூலையில ஒண்ணு. ரெண்டும் விழுந்துச்சான்னு பாக்கறதுக்கு. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியாது, மாப்ள. பதினொரு வருசம் தெரியாது. 'கிளம்பு' என்று நீ எனக்குச் சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது எனக்குத் தட்டிய தட்டே இல்லையாமே! கண்ணாடியில் ஒருநாள் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சத்தத்துக்கு மட்டும் காது கொடுத்தேன். நீ இடது கோடியிலிருந்து வலது கோடிக்கு நடந்துபோய்த் தட்டினாய் என்பதை ஒரு நாளும் பார்க்கவில்லை. என்னிடம் ஏன் சொல்லவில்லை நீ? இதையே சாந்தாமணியிடம் கேட்டேன்.

அவள் சிரித்துவிட்டாள். நீ போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "உங்ககிட்டச் சொன்னா, கொக்கிய மாத்தறேன்னு கெளம்பீருவீங்களாமா. உங்கண்ணன் எதக் கழட்டினாலும் மாட்டி முடிக்கறப்ப நாலு போல்ட் மிச்சம் இருக்கும், இதுக்கு நான் தட்டிட்டே இருந்துக்கறேன்னு சொல்லுவாருங்க."

பொய்யில்லை.

அவள் சாவியையும் ரிமோட்டையும் முந்தானையில் முடிந்துகொண்டாள். "தட்டுங்க. பாத்துட்டுத்தான் குடுப்பேன்" என்றாள்.

பின்னால் போய் நின்றேன். இடது மூலையில் பெயிண்ட் தேய்ந்த இடத்தில் என் கையை வைத்தேன். உன் கை என் கையைவிடப் பெரியது, தேய்ந்த இடம் வெளியே தெரிந்தது. ஒரு தட்டு. உள்ளே கொக்கி விழுந்த சத்தம் கேட்டது. வலது மூலைக்கு நடந்தேன். இன்னொரு தட்டு. விளிம்பை அசைத்துப் பார்த்தேன், கல் மாதிரி நின்றது.

தட்டிவிட்டு நான் அங்கேயே நின்றேன். எதற்கு நிற்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. வண்டி கிளம்பட்டும், ஓடிப்போய் ஏறிக்கொள்ளலாம் என்று நின்றேன்போல.

"அண்ணா," என்றாள் சாந்தாமணி, சாவியை நீட்டிக்கொண்டு. "வண்டிய ஆருண்ணா எடுப்பாங்க?"

அங்கேதான் எனக்கு அழுகை வந்தது, மாப்ள. இத்தனை மாதம் கழித்து, பட்டப்பகலில், பிக்கப்புக்குப் பின்னால் நின்று அழுதேன். அவள் சாவியை என் கையில் வைத்தாள். பிறகு காப்பி வைக்கப் போனாள்.

அடுத்த நாள் பாபு இடது கொக்கியை மாற்றிக் கொடுத்துவிட்டான். இப்போது லேசாகத் தள்ளினாலே விழுகிறது. கதவு மூடாவிட்டால் கூவுகிற பஸ்ஸரும் போடலாம், ஆனால் போர்ச்சேற்றில் இரண்டு மாதம் தாங்கினால் பெரிது என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். ரிமோட் பூட்டு இருக்கிறது, டீக்கடையில் நிறுத்தினால் கேபிள் களவு போகாது. அதற்கு அது போதும். கேபிள் சுருளைப் பின்னால் கட்டிவிட்டேன், உன் சீட்டு காலியாக இருக்கிறது.

அந்தப் பால்காரம்மாவை எப்போதாவது வழியில் பார்க்கிறேன். என் வண்டியைக் கண்டதும் இன்னும் இருபது அடி தள்ளித்தான் வருகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன், ஊரறிய எழுத்தில் கொடுக்கிறேன். எந்தத் தோட்டத்திலிருந்து கிளம்பினாலும், மழை பெய்தாலும், அவசரமென்று ஆள் நின்று கத்தினாலும், நானே இறங்கிப் பின்னால் போவேன். இடது மூலையில் ஒன்று, வலது மூலையில் ஒன்று. கொக்கி விழுந்ததை என் காதால் கேட்டு, கையால் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்து ஏறுவேன். நீ ஓடிவந்து ஏறவேண்டாம். உட்கார்ந்தபடியே இரு.

பதினொரு வருசம் திரும்பிப் பார்க்காமல் வண்டி ஓட்டிய,
உன் மச்சான்,
குமரேசன்.